அக்கா வீட்டு நித்திரை

கொடிகாமம்,
4.2.1968

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

ஞானாம்பிகை எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? மாமியின் திவசத்தன்று பலகையில் இருந்து எழும்பக் கஷ்டப்பட்டீர்கள், அதுதான் கேட்கிறேன்.

இவரை நீங்கள் கூட்டிக்கொண்டு போய் இன்றைக்கு ஐந்து நாள். பிண்டம் வைக்கும்போது இவருடைய கை நடுங்கி, ஐயர் மணிக்கட்டைப் பிடித்து வைப்பித்ததைப் பார்த்து நீங்கள் அழுதீர்கள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "உடுப்பை எடு தம்பி, என்னோடை வா. இனி ஒரு துளி தொடக்கூடாது" என்றீர்கள். இவரும் "ஓம் அக்கா" என்று பெட்டியைத் தூக்கிவிட்டார். பத்து வருஷமாக நான் கெஞ்சியும் அழுதும் பட்டினி கிடந்தும் கேட்டது அதைத்தான். உங்களுக்கு ஒரு சொல்லில் நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். அதை எழுதும்போது வயிறு எரிகிறது, அதையும் மறைக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். குடிக்காவிட்டால் இவருக்கு நித்திரை வராது. முதல் நாள் புரளுவார். இரண்டாம் நாள் முற்றத்தில் நடப்பார். மூன்றாம் நாள்தான் பொல்லாதது. உச்சியில் நல்லெண்ணெய் வைத்து, உள்ளங்காலைத் தேய்த்துவிட வேண்டும். வலப்பக்கம் சரிந்து படுத்தால்தான் கொஞ்சமாவது கண் அயரும். இவருடைய தலையணையைப் பருத்தித்துறை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்காதல்லவா, அதனால் எழுதினேன்.

காலுக்கு ஒத்தடம் கொடுக்க மறவாதீர்கள்.

உங்கள் தம்பியின் பெண்சாதி,
ஞானாம்பிகை


புலோலி,
10.2.1968

ஞானாம்பிகைக்கு,

பராசக்தி எழுதிக்கொள்வது. முழங்கால் அப்படியேதான் கிடக்கிறது. நீர் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

தலையணை வந்தது. அதிலே சாராய மணம். உறையைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, என்னுடைய பழைய சேலை ஒன்றை மடித்து அவன் தலைக்கு வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் சரிந்து படுப்பான் என்று எனக்கா சொல்லித் தருகிறீர்? அம்மா சாகும்போது அவனுக்கு ஆறு வயது. என் பக்கத்தில் படுத்து வளர்ந்த பிள்ளை.

பொய் சொல்லமாட்டேன், மெத்தக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வேர்த்து வேர்த்துச் சேட்டுப் பிழிகிற மாதிரி நனைகிறது. சுவரிலே எறும்பு ஊருகிறது என்று ஒரு சாமம் முழுவதும் தட்டிக்கொண்டிருந்தான். பத்து நாளாக ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல நித்திரை இல்லை. நான் பக்கத்திலேயே இருக்கிறேன். என்னுடைய மனுஷன் போய் இந்த நாலு வருஷமாக எனக்குத்தான் வீட்டில் பார்க்க ஒருவரும் இல்லையே.

வியாழக்கிழமை வல்லிபுரக் கோவிலில் நேர்ந்திருக்கிறேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அவன் இங்கேதான். நீர் இந்தப் பக்கம் வரக்கூடாது. உம்மைக் கண்டால் அவன் மனம் இளகிவிடும். உமக்கும் இளகிவிடும். நடுக்கத்தில் ஒன்று சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன் இப்படித்தான் விட்டானாம். மூன்றாம் இரவு நீரே சாராயத் தவறணைக்கு ஆள் அனுப்பி அரைப் போத்தல் எடுப்பித்துக் கொடுத்தீராம். பெண்சாதி கையாலேயே கொடுத்தால் பிறகு எவன் விடுவான்?

மனதில் வைத்துக்கொள்ளாதேயும். உள்ளதைச் சொன்னேன்.

உம்முடைய மச்சாள்,
பராசக்தி


கொடிகாமம்,
17.2.1968

மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். உங்கள் கால் மாறவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

அந்த அரைப் போத்தல் விஷயம் உண்மைதான். இல்லை என்று எழுதப் பேனையை எடுத்தேன், முடியவில்லை.

ஆனால் அது எனக்கும் இவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சண்டை பிடித்த நாட்களில்கூட இருவரும் அதை வாயால் எடுத்ததில்லை. அதை உங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் கொடுத்தது ஒரு நோவு என்றால் அவர் சொன்னது இன்னொரு நோவு. எது பெரிது என்று இந்த ஒரு கிழமையாகப் பார்க்கிறேன், இரண்டாவதுதான் பெரிதாக இருக்கிறது. வேறு என்னவெல்லாம் சொன்னார்? நான் சமைக்கிறது சரியில்லை என்றாரா? பத்து வருஷத்தில் பிள்ளை இல்லை என்றாரா?

அவருடைய கையெழுத்தில் ஒரு வரி எழுதுவித்து அனுப்புங்கள். சுகம் என்று ஒரு சொல் போதும். வரவேண்டாம் என்றீர்கள், வரவில்லை. ஒரு பஸ் ஏறி இறங்குகிற தூரத்தில் இருந்துகொண்டு, கப்பலில் போனவருக்கு எழுதுகிற மாதிரிக் கடிதம் எழுதுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

ஞானாம்பிகை


புலோலி,
29.2.1968

ஞானாம்பிகைக்கு,

உமக்கு நல்ல செய்தியோடு எழுதவேண்டும் என்றுதான் பன்னிரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். கோபம் என்று நினைக்கவேண்டாம்.

தம்பி நித்திரை கொண்டான்! செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குப் படுத்தவன் விடிய ஆறரைக்குத்தான் எழும்பினான். குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. நான் குசினி வாசலில் இருந்து கேட்டு அழுதுவிட்டேன். சின்ன வயதில் அவனுக்கு வந்த நெருப்புக் காய்ச்சல் இறங்கின அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை.

எல்லாம் ஆழ்வாப்பிள்ளைப் பரியாரியாரின் கைராசி. நான் போய் விழுந்து கும்பிட்டுக் கேட்டு வாங்கிவந்த மருந்து. குடி விட்டவனுக்கு இது கொடுத்தால் நித்திரை தானாக வரும் என்றார், வந்தது. என்ன மருந்து என்று கேளாதேயும், வெளியில் சொன்னால் பலிக்காதாம்.

எழுதச் சொல்லிப் பேனையைக் கொடுத்தேன். கை இன்னும் சரியில்லை, பிறகு எழுதுகிறேன் என்றான். உம்மைச் சுகம் கேட்டான். நான் கேட்கச் சொல்லாமல் தானாகத்தான் கேட்டான்.

அந்த வல்லிபுர மாயவன் உம்மையும் காப்பான்.

பராசக்தி


கொடிகாமம்,
5.3.1968

மச்சாளுக்கு,

செய்தி கண்டு மெத்தச் சந்தோஷம். உங்கள் கால் எப்படி என்று எழுதவில்லையே. பக்கத்தில் இருந்து பணிவிடை செய்கிறவர்களுக்குக் கால் நோவது தெரியாதாக்கும்.

சந்தோஷம் என்று எழுதிவிட்டு, அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் உச்சியில் எண்ணெய் வைத்தேன். கசகசாப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். என் மடியில் அவர் தலையை வைத்துத் தேவாரம் படித்தேன். எதற்கும் வராத நித்திரை, உங்கள் வீட்டில் கிழிந்த சேலையில் தலையை வைத்ததும் வந்துவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள். இப்போது இங்கே நித்திரை இல்லாதவள் நான்தான். அவர் அங்கே குறட்டை விடுகிறார் என்று நினைத்தால் எழும்பி இருந்துவிடுகிறேன்.

நாளைக்கு அவர் திரும்பி வந்தால் அந்த நித்திரையும் கூட வரவேண்டாமா? என்ன மருந்து, எவ்வளவு, எப்போது கொடுக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லத்தானே வேண்டும்? பெண்சாதிக்குச் சொன்னால் பலிக்காத மருந்தும் இருக்கிறதா?

பதில் போடுங்கள்.

ஞானாம்பிகை


புலோலி,
15.3.1968

ஞானாம்பிகைக்கு,

நான் சுகம். கால் நோவு போன இடம் தெரியவில்லை, நீர் எழுதியது சரிதான்.

விடாமல் கேட்கிறீர், சொல்கிறேன். உம்மால் செய்ய ஏலாது, அதனால் சொன்னாலும் பரவாயில்லை. முந்திரிகை வத்தலும் பனங்கட்டியும் இன்னும் ஏழெட்டுச் சரக்கும் போட்டு, சாடியின் வாயைச் சீலையாலும் களிமண்ணாலும் அடைத்து, நாற்பது நாள் நெல்லுக்குள் புதைத்து வைப்பாராம். திறக்கும்போது தன்பாட்டில் நுரைத்துக்கொண்டிருக்குமாம். அரிஷ்டம் என்று பெயர். முதலில் ஒரு அவுன்ஸ் கொடுத்தேன். இப்போது பரியாரியார் சொல்லி அரைக் கோப்பை. மூன்றாவது போத்தல் நடக்கிறது.

கசக்கிறது என்று கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குடித்து, வாய் கொப்பளித்துவிட்டு வந்து படுப்பான். படுத்தால் கட்டை மாதிரித்தான். நான் இரவில் இரண்டு மூன்று தரம் விளக்கோடு போய்ப் பார்ப்பேன். ஒரு நாள்கூட விழித்திருந்ததைக் காணவில்லை.

பகலில் பருத்தித்துறைக் கடைத்தெருவில் யாகோப்பு என்கிற தையற்காரனின் கடையில் போய் இருக்கிறான். மெசினில் இருந்து இரண்டு சேட்டுத் தைத்தானாம். கொடிகாமத்தில் உங்கள் தையற்கடை பூட்டிக் கிடக்கிறதே என்று கவலைப்படாதேயும். இங்கேயே ஒரு கடை போட்டாலும் நல்லது என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. 26ஆந் திகதி மண்டலம் முடிய ஆறுதலாகப் பேசுவோம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

பராசக்தி


கொடிகாமம்,
17.3.1968

இஞ்சேருங்கோ,

நீங்கள் சுகமா? நான் சுகமில்லை. இதை யாகோப்பு அண்ணையின் கடை விலாசத்துக்குப் போடுகிறேன், மச்சாளின் கண்ணில் படக்கூடாது.

அந்தப் போத்தலில் இருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இராது. பத்து வருஷம் குடித்த நாக்கு. வாயை அடைத்து நாற்பது நாள் நுரைக்க வைத்தால், அது பரியாரியின் சாடியில் இருந்தாலும் வெறிக்கத்தானே செய்யும். இருட்டில் கொண்டுபோய்க் குடிப்பதும், வாய் கொப்பளித்துவிட்டு வந்து படுப்பதும் எனக்குப் புதிதா? மச்சாள் எழுதியதை வாசிக்க, எங்கள் வீட்டு இரவைத்தான் யாரோ புலோலிக்குக் கொண்டுபோய் வைத்த மாதிரி இருந்தது.

ஒன்று சொல்கிறேன், என்னை வெறுத்தாலும் வெறுங்கள். அதை அறிந்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மச்சாளின் கையும் தோற்றுப்போச்சு என்ற சந்தோஷம். எழும்பிப் போய்த் தேத்தண்ணீர்கூட வைத்துக் குடித்தேன். உங்களைப் பற்றிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. புருஷன் திரும்பவும் குடிக்கிறான் என்று சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

மச்சாளுக்கு நாலு பக்கம் எழுதி, முத்திரையும் ஒட்டி வைத்திருக்கிறேன். எனக்கு எழுதிய வசனத்தை அப்படியே திருப்பி எழுதியிருக்கிறேன். தமக்கை கையாலேயே கொடுத்தால் பிறகு எவன் விடுவான்? உங்கள் பதில் வந்ததும் தபாலில் போடுவேன்.

அரைப் போத்தலை ஏன் அவவிடம் சொன்னீர்கள்?

ஞானம்


பருத்தித்துறை,
20.3.1968

அன்புள்ள ஞானத்துக்கு,

யாகோப்பு வெட்டுகிற மேசையில் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தாலும் என்னுடையதுதான். உடம்பு பரவாயில்லை. உமக்குச் சுகமில்லை என்று எழுதினதில் இரண்டு நாளாக ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

முதல் அவுன்ஸ் மூக்குக்குக் கிட்ட வரும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் குடித்தேன். அன்றிரவு நித்திரை கொண்டேன். அக்கா கேட்ட குறட்டையில் உண்மையானது அது ஒன்றுதான். விடிய எழும்பிப் பார்த்தால், அக்கா தேர் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி நிற்கிறா. "நித்திரை கொண்டாய் தம்பி, என்ரை கண்ணாலை பாத்தன்" என்று என் தலையைத் தடவினா. நீ தந்தது குடிதான் அக்கா என்று அந்த முகத்துக்கு எப்படிச் சொல்ல?

அதன் பிறகு ஒரு துளி தொடவில்லை. கிணற்றடியில் நிற்கிற தேசிமரத்தின் கீழ் ஊற்றிவிடுவேன். இப்போது அந்த மரத்துக்குத்தான் வெறி. சிரியும், ஆனால் இதையும் கேளும். ஒன்பது மணிக்கு என்னை வளர்த்த கை அதை ஊற்றித் தரும். வாங்கிக்கொண்டு நான் இருட்டில் இருபது அடி நடக்கவேண்டும். மணம் முகத்துக்கு நேரே வரும். ஒவ்வொரு நாளும் பத்தாவது அடியில் நின்றுவிடுவேன். கை நடுங்கிப் பாதி சிந்தும். மீதியை ஊற்றிவிட்டு வாய் கொப்பளிப்பேன், ஏனென்றால் மணமே போதும் என்னை விழுத்த.

பிறகு படுத்துக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடப்பேன். அக்கா விளக்கோடு வந்து பார்க்கும்போது மூச்சை இழுத்து விடவேண்டும். இடையிடையே குறட்டையும் விடவேண்டும். சந்தோஷமாகத் திரும்பிப் போய்ப் படுத்த ஐந்து நிமிஷத்தில் அவ நித்திரை. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கும்போது எனக்கு வருகிற பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. கோழி, நாய், பக்கத்து வளவு மாடு, எல்லாவற்றிலும் எனக்குப் பொறாமை. ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம் கண் அயர்ந்தால் பெரிய காரியம்.

எங்கள் வீட்டில் இப்படி நடிக்க ஏலாது. என் குறட்டை எந்த இடத்தில் பொய் என்று உமக்குத் தெரியும்.

அரைப் போத்தலை நான் சொன்னது நினைவில்லை. சுவரில் எறும்பு கண்ட அன்று உளறியிருப்பேன். அக்கா கூப்பிட்டதற்காக நான் போகவில்லை. வீட்டில் மூன்றாம் இரவு வந்தால் நீர் அழுவீர், அழுதுகொண்டே ஆள் அனுப்புவீர். உம்முடைய இரக்கத்துக்குப் பயந்துதான் பஸ் ஏறினேன்.

27ஆந் திகதி காலை பஸ்ஸில் வருகிறேன். நித்திரை கூட வரும் என்று பார்த்திராதேயும். விழித்திருக்கிறேன் என்று ஒளிக்காமல் விழித்திருக்க எனக்கு ஒரு வீடு வேண்டும். அக்காவுக்கு அந்தக் கடிதத்தைப் போடாதேயும். போட்டால் உம்மில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் போடாதேயும்.

உம்முடைய,
சோமசேகரம்


கொடிகாமம்,
22.3.1968

இஞ்சேருங்கோ,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இப்போது உண்மையாகவே சுகம்.

மச்சாளுக்கு எழுதிய நாலு பக்கத்தையும் இன்றைக்கு அடுப்பில் வைத்தேன். அதற்கு ஒட்டின முத்திரைதான் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. நல்ல மனம் என்று மெச்சவேண்டாம். அந்த வசனத்தை வாங்கி வாசித்தவள் நான். அது உள்ளே போய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறதே.

வாருங்கள். நித்திரை வராவிட்டால் போகட்டும். பொங்கலுக்குத் தைக்க எடுத்த சேட்டுகள் பத்துப் பன்னிரண்டு, கழுத்துக்கும் கைக்கும் தெறி தைக்காமல் கடையில் கிடக்கின்றன. லாம்பைக் கொளுத்தி வைத்துக்கொண்டு இருவருமாகத் தைப்போம். மூன்றாம் இரவு நான் அழுதால், அழட்டும் என்று விட்டுவிடுங்கள். நான் ஒருவரையும் எங்கும் அனுப்பமாட்டேன்.

உச்சிக்கு எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறேன். பலிக்காது என்று தெரியும், என்றாலும் வைப்பேன்.

ஞானம்


புலோலி,
3.4.1968

ஞானாம்பிகைக்கு,

தம்பி சுகமாக வந்து சேர்ந்தானென்று இந்தப் பக்கம் வந்த மாங்காய் வியாபாரி சொல்லித்தான் அறிந்தேன். நீர் ஒரு வரி எழுதியிருக்கலாம். கால் நோவு திரும்பவும் வந்துவிட்டது.

இங்கேயே கடை போடுவோம் என்று கேட்டேன். "இல்லை அக்கா, நான் வீட்டை போறன்" என்றான். போகட்டும், புருஷன் பெண்சாதியோடு இருக்கவேண்டியவன்தான். இரண்டு நாள் அவனுக்குப் பாய் விரித்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இரவில் எழும்பி விளக்கைக் கொளுத்திக்கொண்டு போய்ப் பார்க்கிறேன், பார்க்க ஒன்றுமில்லை.

மருந்து இரண்டு போத்தல் கொடுத்துவிட்டேன். கொடுக்கிறீரா? அங்கே எப்படி நித்திரை கொள்கிறான்? நன்றாகக் கொள்கிறான் என்றால் சந்தோஷம்தான். என்ன, அங்கேயும் அப்படியே நித்திரை கொண்டால், நாற்பத்தெட்டு நாள் நான் என்னத்தைச் செய்தேன் என்று ஒரு நினைப்பு வருகிறது. கிழவியின் பொறாமை என்று சிரிப்பீர். சிரித்தாலும் பரவாயில்லை, உள்ளதை எழுதும்.

பராசக்தி


கொடிகாமம்,
8.4.1968

அன்பான மச்சாளுக்கு,

உடனே எழுதாதது என் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் சுகம். காலுக்கு நொச்சி அவித்து ஒத்தடம் பிடியுங்கள். சித்திரை வருஷத்துக்கு இருவருமாக வந்து நானே பிடித்துவிடுகிறேன்.

இவர் தவறணைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கடையைத் திறந்தாயிற்று. கை நடுக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. போத்தல் இரண்டையும் அவர் கையில் இருந்து வாங்கி நான்தான் எடுத்து வைத்துவிட்டேன். மருந்து மண்டலத்தோடு முடிந்தது, இனிப் பரியாரியாரிடம் வாங்கவேண்டாம்.

நித்திரை கேட்டீர்கள். வந்து பன்னிரண்டு நாள். ஒரு இரவுகூட ஒழுங்காகக் கண் மூடவில்லை. உச்சியில் எண்ணெய் வைத்தேன், காலைத் தேய்த்தேன், தேவாரமும் படித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை. விடியும்வரை இருந்து தெறி தைக்கிறார், நானும் பக்கத்தில் இருந்து தைக்கிறேன். இப்போதும் எதிரில்தான் இருக்கிறார். "அக்காவுக்கு என்ன எழுதிறீர்?" என்று கேட்டார். "உள்ளதைத்தான் எழுதிறன், நீங்கள் தெறியைப் பாத்துத் தையுங்கோ" என்றேன்.

இவர் நித்திரை கொண்டது உங்கள் வீட்டில்தான், மச்சாள். நீங்கள் விளக்கோடு வந்து பார்த்த நித்திரை உங்கள் கைக்கு மட்டும் வந்தது. பத்து வருஷம் கூட இருந்தும் என் கைக்கு அது வரவில்லை. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

உங்கள்,
ஞானம்